அருவியை விற்றவர்

சுற்றுலா நிறுவனத்தில் தொலைபேசி எடுப்பவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘ரேடியோ’. பிறவியிலேயே கண் தெரியாது. ஆனால் வாயைத் திறந்தால் போதும், வீட்டை விட்டு நகராதவர்கூடப் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார். தான் போகாத மலையருவியை அவர் விற்ற அளவுக்கு, போய் வந்தவர்கள் யாரும் விற்றதில்லை. “சாரல் மூஞ்சியில அடிக்கும் பாருங்க, பேசிட்டிருந்ததே மறந்துபோகும்” என்பார். எல்லாம் பக்கத்து மேசைக்காரி சொல்லக் கேட்டதுதான்.

ஊழியர்களுக்குத் துணையோடு ஒரு இலவசப் பயணம் உண்டு. மனிதர் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டே வந்தார். தையல் வேலை பார்க்கும் மனைவிக்கோ மூட்டு தேய்ந்துகொண்டே போனது. கூடிய சீக்கிரம் படியே இறங்க முடியாமல் போகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கு அவசரம் வந்தது. அருவிக்கு இறங்க ஏகப்பட்ட படிகள். இந்த வருஷம் விட்டால் அவளுக்கு அருவி இல்லை.

மேலாளரிடம் போய்க் கேட்டார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம டூர்ல பார்வை இல்லாதவங்கள ஏத்தறதில்ல. வழுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது? அண்ணி வேணா அவங்க தங்கச்சியோட போய்ட்டு வரட்டுமே. நீங்க அங்க வந்து எதப் பார்க்கப் போறீங்க?”

விளம்பரத்தில் ‘அனைவரும் வருக’ என்று போடத் தெரிகிறது. அதை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வறண்டதும் இவர் தொண்டைதான். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவரோ “சரிங்க சார்” என்று எழுந்து வந்துவிட்டார். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

விஷயத்தைக் கேட்ட மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள்.

“நீங்க இல்லாம நான் மட்டும் போய், அங்க யார்கிட்ட பேசறது?”

பயணத்துக்கென்று வாங்கிய வழுக்காத செருப்பைப் பெட்டியோடு அலமாரி மேல் தூக்கிப் போட்டாள்.

மறுநாள் ஒரு பெண் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

“எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்க. நேத்து நீங்க சொன்னத ஸ்பீக்கர்ல கேட்டதுலேருந்து, அருவிக்குப் போயே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. கூட்டிட்டு வரலாமா?”

ரேடியோ ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

“மன்னிக்கணும்மா. அந்த வசதி நம்மகிட்ட இல்ல.”

“அவங்க ஆசை உங்களுக்கு எங்க புரியப்போவுது! நீங்கல்லாம் கண்ணு இருக்கறவங்க.”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.