போத்தலை நீங்களே கொண்டுவரலாம்

கனடாவின் மொன்றியல் நகரில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மனிதர்கள் மண்ணிறக் கடதாசிப் பையில் சுற்றிய போத்தலைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு தெருவில் நடப்பார்கள். ஒளிக்கமாட்டார்கள். எதிரே பொலிஸ்காரர் வந்தாலும் நடை மாறாது. அப்படியே ஓர் உணவகத்துக்குள் நுழைவார்கள். பரிமாறுகிறவர் அந்தப் போத்தலை வாங்கித் திறந்து அவர்களுக்கே ஊற்றிக் கொடுப்பார். வாசல் கண்ணாடியில் 'அப்போர்தே வோத்ர் வான்' என்று எழுதியிருக்கும். உங்கள் வைனை நீங்களே கொண்டுவாருங்கள் என்று பொருள். திருகோணமலையில் போத்தலோடு சாப்பாட்டுக் கடைக்குப் போனால் முதலாளி வாசலிலேயே மறித்துவிடுவார். அங்கிருந்து வந்த எனக்கு இந்த வழக்கம் பிடிபடச் சில வருடங்கள் எடுத்தன.

அதைப் பிடித்துக்கொண்டாக வேண்டிய தேவை வதனி வரப்போகிறாள் என்றபோதுதான் வந்தது. வதனி என் மனைவி, திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லி என்ற கடற்கரை ஊர்ப் பெண். கலியாணமாகி எட்டாம் மாதம் நான் புறப்பட்டேன். துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். வேலைக்குப் போகும் வழியில் இராணுவம் இரண்டு தடவை பிடித்து விசாரித்தது, மூன்றாவது தடவைக்கு நான் காத்திருக்கவில்லை. ஆறு வருடம் கடிதத்தில்தான் குடும்பம் நடத்தினோம். 'பெரிய ஹோட்டல் ஒன்றில் வேலை' என்று எழுதியிருந்தேன். பொய்யில்லை. ஹோட்டலின் குசினியில், நிலத்துக்குக் கீழே, கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. அவள் பதிலில், 'மேசையில் கரண்டி முள்ளோடு சாப்பிடப் பழகிவிட்டீர்களா' என்று கேட்டிருந்தாள். ஓம் என்று எழுதினேன். அந்த 'ஓம்' என்னைத் தூங்கவிடவில்லை. ஆயிரக்கணக்கான கோப்பைகளை மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு பார்த்திருக்கிறேன். ஒன்றின் முன்னால் இருந்ததில்லை.

கூட வேலை செய்த யோசேப்பு அண்ணை, எங்கள் ஊர்த் துறைமுகத்தடி ஆள், வழி சொன்னார்.

"சாப்பாடு ஆளைக் கொல்லாது தம்பி. வைன் விலைதான் கொல்லும். மூலைக் கடையில ஒரு போத்தில் வாங்கிக்கொண்டு போம். அதுக்கெண்டே ரெஸ்ரோறன்ற் இருக்கு."

"நாங்கள் குடிக்கிறேல்லையே அண்ணை."

"குடிக்கவோ சொன்னனான்? மேசையில வைச்சா மரியாதை."

கேட்க வேண்டிய வசனத்தை அவர் தமிழ் எழுத்தில் துண்டில் எழுதித் தந்தார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தெருத்தெருவாக அலைந்தேன். வாசலில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலைப் படிப்பேன், உள்ளே எட்டிப் பார்ப்பேன், யாராவது நிமிர்ந்து பார்த்தால் நடையைக் கட்டுவேன். வாசல் கண்ணாடியில் எதுவும் எழுதாத ஒரு கடையில் துணிந்து உள்ளே போய், "என்னுடைய வானைக் கொண்டுவரலாமா?" என்று பிரெஞ்சில் கேட்டேன். நின்றிருந்த கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போய் யன்னலைத் திறந்துவிட்டார். 'வான்' என்று வாயைத் திறந்து சொன்னால் அந்த மொழியில் காற்று. வைன் என்றால் உதட்டை விரித்து மூக்கால் சொல்ல வேண்டும். எனக்கு மூச்சு முட்டுகிறது என்று அவர் நினைத்திருக்கிறார். "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு, திறந்த யன்னலடியில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கடைசியில் அகப்பட்டது ஒரு கிரேக்கரின் கடை. பத்துப் பன்னிரண்டு மேசை, கடதாசி விரிப்பு, பொரித்த மீன். கண்ணாடியில் அந்த வசனம் பெரிதாகவே இருந்தது. வதனி வந்திறங்கிய மூன்றாம் கிழமை, ஒரு கோடைகாலச் சனிக்கிழமை, அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். போத்தல் அவளுடைய கைப்பையில் இருந்தது. வழியெல்லாம் பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். கதவைப் பார்க்கக்கூடிய கதிரையில்தான் இருப்பேன் என்றாள்.

பரிமாறும் பெடியன் சிரித்தபடி போத்தலுக்காகக் கையை நீட்டினான். வதனி எழுந்து நின்றாள். பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள்: சீப்பு, கைலேஞ்சி, பனடோல் அட்டை, ஊர் அடையாள அட்டை, கடைசியாகப் போத்தல். பையைத் தலைகீழாகப் பிடித்து உதறியும் காட்டினாள். பெடியன் என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

"திருப்பித் தருவாங்களோ?" என்றாள்.

"திறக்கக் கொண்டுபோறான். இரும்."

இருந்தாள். ஆனால் அவன் திரும்பி வரும்வரை கண்ணை எடுக்கவில்லை. ஊரில் சென்றியில், இராணுவச் சோதனைச் சாவடியில், போத்தலை மூடி திறந்து மணந்து பார்ப்பார்கள். தண்ணீர் என்றால் எங்களையே ஒரு மிடறு குடிக்கச் சொல்வார்கள். அது எனக்கும் தெரிந்ததுதான். அடையாள அட்டையை மட்டும் அவள் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்ததுதான் எனக்கு விளங்கவில்லை.

மீனைச் சாப்பிட்டோம். உப்புக் காணாது என்றாள். வைன் நிறைத்த கிளாஸ்கள் தொடாமல் இருந்தன. முடிந்ததும், கதையின் நடுவே, என் கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கியது: முள்ளை ஒதுக்கி, கரண்டிகளை ஒருபக்கமாக்கி, கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. வதனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதானோ உங்கட வேலை?"

கையை மடிக்கு இழுத்தேன். "ஓம்," என்றேன்.

"வந்தண்டைக்கே கையைப் பார்த்தனான். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்." குரலைத் தாழ்த்தினாள். "நானும் ஒண்டு மறைச்சிட்டன். தம்பி கடலுக்குப் போறேல்ல."

தம்பி என்றால் குகன், அவளுக்கு இளையவன். என் ஒவ்வொரு கடிதத்திலும் அவனுடைய வள்ளத்தைப் பற்றிக் கேட்பேன். 'போறான், மீன் படுகுது' என்றுதான் பதில் வரும். உண்மையில், இரண்டு வருடத்துக்கு முன் வள்ளத்து எஞ்சினுக்கு இரண்டு சாராயப் போத்தலில் மண்ணெண்ணெய் நிறைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தவனை, போத்தல் குண்டு என்று சென்றியில் இறக்கிப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஏழு மாதம். எங்கே வைத்திருந்தார்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் பஸ்ஸில் தானாக வந்து இறங்கினானாம்.

"ஆளை ஆர் கூப்பிட்டாலும் எழும்பி நிக்கிறான். கதையில்ல. சாப்பிடு எண்டாச் சாப்பிடுவான்."

"ஏன் எழுதேல்ல?"

"கடிதத்தை உடைச்சுப் பாக்கிறாங்கள். எழுதினா நீங்கள் அங்க என்ன செய்யிறது? ஏலாதுதானே."

அந்த ஏழு மாதமும் நான் இங்கே ஈரக் கையோடு, அவன் வள்ளத்தில் போகிறான் என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். அடுத்த நாளே அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் கோப்பை கழுவுகிறேன் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அவன் பதில் போடவில்லை. கடலுக்குத் திரும்பவும் போக அவனுக்கு இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. அந்த ஏழு மாதத்தைப் பற்றி இன்றுவரை யாரிடமும் அவன் வாய்திறந்ததில்லை.

கடையை விட்டு வெளியே வந்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. வெயில் இன்னும் தெருவில் கிடந்தது. "இருட்டுப்பட முந்தி போவம், கெதியா," என்று வதனி என்னை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். இருட்டு வரவேயில்லை. எங்கள் வீடு இரண்டாம் மாடி. இந்த நகரத்து வழக்கப்படி இரும்புப் படி வெளியே தெருவில் தொங்கும். பாதிப் படியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்படியே இருந்துவிட்டாள். நானும் ஒரு படி கீழே இருந்தேன்.

"இப்ப அங்க எத்தினை மணி?"

"விடிய ஆறு."

"ஆறுக்குத்தான் ஆமிக்காரங்கள் கடலுக்கு விடுவாங்கள்," என்றாள். "எல்லாரும் வள்ளத்தைத் தள்ளுவினம்."

கீழ்வீட்டுக்காரி செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி நிமிர்ந்து "போன்சுவா" என்றாள். நல்ல மாலை என்று அர்த்தம். நான் பதிலுக்குச் சொன்னேன். வதனி கிழக்கே, எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே பார்த்துக்கொண்டு, தன் முதல் பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னாள்.

"போன்ஜூர்."

காலை வணக்கம். நான் திருத்தவில்லை.