தேவதானத்துப் புலி

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய, செய்தித்தாளில் மடித்த புளிப் பொட்டலத்தைப் பிரித்தபோது, புளியும் அச்சு மையும் கலந்த வாசனையில் எங்கள் ராஜபாளையத்து ஓட்டுப் பள்ளிக்கூடம் எழுந்து வந்துவிட்டது. எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் அங்கே காலை வணக்கத்தில் செய்தித்தாள் தலைப்பு வாசிப்பது என் வேலை. ஒருநாள், "தேவதானத்தில் புலி வரத்து அதிகரிப்பு" என்று கணீரென வாசித்தேன். புளிதான் அச்சில் புலியாகியிருந்தது. கீழே இருந்த சந்தை விலையை யாரும் படிக்கவில்லை. தேவதானத்திலிருந்து பஸ்ஸில் வரும் வசந்தாவுக்கு அன்றிலிருந்து யோகம். மூன்று மணிக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள், அதுவரை என்னுடையதாக இருந்த ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள், இடைவேளை முழுக்க அவளைச் சுற்றிக் கூட்டம் நின்றது.

"ஏட்டி, எம்புட்டுப் பெருசு?"

"எங்க பசுவ விடப் பெருசு" என்பாள், கூசாமல்.

ஒரு வாரம் கழித்து உள்பக்க மூலையில் திருத்தம் வந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். "பாருட்டி, இது வெறும் புளி."

வசந்தா தாளை மடித்து என்னிடமே நீட்டினாள். "புளியமரத்துக்கு அடியிலதாம்ட்டி புலி நின்னுச்சு."

வகுப்பே அவள் பக்கம் சாய்ந்தது. எனக்குப் பொறாமை என்றார்கள். உண்மைதான், இன்னும் தீரவில்லை, அப்படி ஒரு பதில் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

வசந்தா இன்னும் தேவதானத்தில்தான் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன். அந்தப் புலியை அவள் வாயாலேயே முழுதாகச் சொல்ல வைத்து, நான் வேலை பார்க்கும் வார இதழில் போடப் போகிறேன். அங்கே பிழை திருத்துவது நான்தான். இந்த முறை புலியைப் புளியாக்க யாரையும் விடமாட்டேன்.