மழையில் ஒரு ஆராதனை

பசறைக்கு மேலே பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. பஸ் இனி நகராது என்கிறார்கள், இறங்கி நடக்கிறேன். தேயிலைத் தோட்டத்துச் சிறிய தேவாலயத்தின் ஜன்னல் வழியே அடுப்புப் புகை வருகிறது. தொழிலாளர் லயம் இடிந்து வீடிழந்த ஐந்து குடும்பங்கள் இரண்டு நாளாக உள்ளே இருக்கின்றன. எல்லாரும் முருகனைக் கும்பிடுகிறவர்கள்.

கதவை மறித்து நிற்கிறார் ஸ்டெல்லா. கொழுந்து பறிப்பவர், தேவாலயத்தின் சாவியும் அவரிடம்தான். எதிரே தேவாலயக் கமிட்டித் தலைவர்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. இவங்கள ஸ்கூலுக்கு அனுப்பு, ஸ்டெல்லா."

"ஸ்கூலுக்குள்ள முழங்கால் அளவு சேறுங்க. அனுப்ப மாட்டேன்."

"அப்ப நாங்க எங்க ஜெபம் பண்றது?"

"வெளியிலதான். நமக்குத் திரும்பிப் போக வீடு இருக்கு. நனைஞ்சா துவட்டிக்கலாம்."

"சாவியக் குடு."

"தர மாட்டேங்க."

தலைவர் விலகியதும், "பயமா இல்லையா?" என்று கேட்கிறேன்.

"இருக்குங்க. அதுக்காக, உள்ள இருக்குற பத்து நாள் புள்ளைய மழையில விடச் சொல்றீங்களா?"

போதகர் வருகிறார். உள்ளே எட்டிப் பார்க்கிறார். முற்றத்துக்குத் திரும்பி, வேதப்புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பாட்டைத் தொடங்குகிறார். சபையார் தூறலில் கூடி நிற்கிறார்கள். தலைவர் மட்டும் கோபத்தோடு பாதையில் இறங்கிப் போகிறார். வளைவு தாண்டியும் அவருக்குக் கேட்கட்டும் என்று ஸ்டெல்லா உரத்துப் பாடுகிறார்.