எதிராளி வீட்டில் கை நனைத்த தூதர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் தம்பி சேகர் போன் செய்தான். நான்கு வருடங்களாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. எடுத்ததும், "அண்ணா, சுபேதாரு பூட்டாரு" என்றான். மார்வலியாம். சின்னசேலத்தில் வீட்டிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுபேதார் கோதண்டம் அவர்கள் பட்டாளத்தில் சீன மொழி கற்று, எல்லையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்றபின், பழங்காலச் சீனத்தில் ஓர் அரசருக்குப் போர் ஆலோசகராகவும் தூதராகவும் இருந்த ஒருவரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதினார். கள்ளக்குறிச்சியில் டைப்பிங் கடை வைத்திருக்கும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அந்தச் சீனப் பெயர் வாயில் நுழையாமல் நான் திணறியபோது, "உடுப்பா, தூதருன்னே அடி" என்று சிரித்தார்.

படைக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த அந்தத் தூதர், போர் மூளும் நேரத்தில் வெறுங்கையோடு எதிரிப் பாசறைக்குப் போவாராம். அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாராம். அதற்காகவே சொந்த அரசர் சந்தேகப்பட்டு அவரைத் துரத்திவிட்டார். "இன்னா ராஜாங்க இவன், அறிவுகெட்டவன்" என்று திட்டிக்கொண்டே அந்த அத்தியாயத்தை அடித்தேன்.

மணலூர்பேட்டையில் எங்கள் பொதுக் கிணற்றிலிருந்து யார் எப்போது வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்ற முறைத் தகராறில்தான் எனக்கும் சேகருக்கும் உறவு முறிந்தது. எங்கள் பக்கத்தில், பகையாளி வீட்டில் கை நனைத்தவரும் பகையாளிதான். இரண்டு மாதம் முன்பு சுபேதார் சேகர் வீட்டில் சாப்பிட்டார் என்று காதில் விழுந்தது. மறுநாள் கடைக்கு வந்து, "கொஞ்சம் பேசணும்பா" என்றார்.

"அவன் வூட்ல துன்னுட்டு எங்கிட்ட இன்னா பேச்சுங்க? எடுத்துக்கினு போங்க" என்று அவருடைய நோட்டுகளை மேஜைமேல் போட்டேன். அந்த ராஜாவைவிடக் கேவலமாக நடந்துகொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஆறட்டும். அப்பறம் வரேன்" என்றார். பிறகு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் நான் பின்வாசல் வழியாக நழுவிவிட்டேன். போனிலோ இன்னொருவர் வாயிலோ விஷயத்தைச் சொல்லி அனுப்புகிறவர் இல்லை அவர். "தூது போனவன் நேர்லதான் சொல்லணும்" என்பார்.

சுடுகாட்டில் சேகர் என் அருகில் வந்து நின்றான்.

"அன்னிக்கு சோறு போடறப்பவே சொல்லி அனுப்சேன்ணா. தண்ணி மொறைய நீங்களே வச்சிக்கங்க, அண்ணன் பழையபடி வூட்டுக்கு வந்தா போதும்னேன். உங்ககிட்டருந்து பதிலே வரல. வாணாம்னுட்டீங்கன்னு நெனச்சிக்கினேன்."

"அவர நான் பேசவே உடலடா" என்றேன். அழுதுவிட்டேன். முகத்தின்மேல் வறட்டி அடுக்குவதற்குமுன் கடைசியாகப் பார்க்கக் கூப்பிட்டார்கள். சேகர்தான் என் கையைப் பிடித்து அழைத்துப் போனான்.

சுபேதார் ஐயா, நீங்கள் சொல்ல வந்ததைக் கேட்டுவிட்டேன். தம்பி வீட்டுக்கும் போகிறேன். மூன்று முறை என் வாசலுக்கு வந்தீர்கள். ஒரு முறைகூட உங்களை உட்காரச் சொல்லவில்லையே ஐயா. போய் வாருங்கள்.