நாற்பத்தாறு அங்குலத் தொந்தி

அந்தக் கைகள் பஞ்சை உருட்டி உருட்டி, உடை மாட்டி வைக்கும் ஆளுயரப் பொம்மையின் வயிற்றில் திணித்துக்கொண்டிருந்தன. முன்பு இரண்டு முறை திணித்ததையும் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். நடிகர் வெண்டல் ஹாஸ்கின்ஸுக்கு முப்பது ஆண்டுகளாக உடை தைத்த அராக்ஸியின் கைகள் அவை. நடிகருக்குப் பெயர் வாங்கித் தந்த ஐந்து படங்களின் உடைகள் அன்று மாலை பர்பாங்க் நகரில் நடக்கும் கண்காட்சிக்குப் போக வேண்டும்.

நடிகரின் மேலாளரான கைல் உள்ளே வந்ததும் கத்தினான். "மறுபடியும் தொந்தியா? அஞ்சு பொம்மையும் ஒரே மாதிரி ஒல்லியா இருக்கணும்னு எத்தனை தடவைம்மா சொல்றது?"

"இந்தப் படத்துக்குன்னே ஆறு மாசம் தின்னு தொந்தி வளர்த்தாரு தம்பி. விருது வாங்கினதே இதுலதான். ஒல்லிப் பொம்மைல மாட்டினா கோட்டு கொடியில காயுற மாதிரி தொங்குது."

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

அராக்ஸி கோட்டின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். அங்கே தைத்திருந்த துணிச்சீட்டில், அவள் கையெழுத்தில், நடிகரின் பெயரும் வயிற்றுச் சுற்று நாற்பத்தாறு அங்குலம் என்ற அளவும் இருந்தன. நாடாவால் பொம்மையை அளந்தாள். சரியாக இருந்தது. பொத்தானைப் போட்டதும் கோட்டு சுருக்கமில்லாமல் நின்றது.

பொம்மையை அவன் பக்கம் நகர்த்தி, கத்தரிக்கோலையும் நீட்டினாள்.

"குறைக்கணும்னா நீங்களே பிரிச்சுக்கோங்க. இனி என் கையால ஆகாது."

கைல் பொம்மையை மட்டும் வாங்கிக்கொண்டான்.