குணசுந்தரியின் நெற்றிக்காசு

என்னிடம் இருந்த, எழுபதுக்கு அறுபத்தேழு மார்க் வாங்கிய ஒரு ரூபாய்க் காசைப் பற்றி எங்கள் நாணயச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி சந்திரமோகன் மூன்று முறை போன் செய்துவிட்டார். திருவள்ளூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்துக்குச் செயலாளர். அந்தக் காசு இப்போது என்னிடம் இல்லை. விற்கவும் இல்லை, தொலைக்கவும் இல்லை. எங்கே போனது என்று எழுதினால் ஒரு பக்கத்தில் அடங்காது. என் மனைவி குணசுந்தரியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாவது வரை. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்தபோது ஒரு பிரஸ் ஷாப்பில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். தகட்டை மிஷினில் வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி வாஷராக வெட்டித் தள்ளும். அந்த மிஷினில் விரல் போகாத ஆள் அபூர்வம். எனக்குப் பத்து விரலும் இருக்கிறது. நாற்பது வருஷம் பிரஸ்ஸில் நின்றவன் இதைச் சொல்ல முடிந்தால் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. இன்றைக்கு என் சொந்த ஷெட்டில் நாலு பிரஸ் ஓடுகிறது. பச்சையப்பன் ஷெட்டிலிருந்து போகிற வாஷரில் ஒன்று மட்டம் என்று எந்தக் கம்பெனியும் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

அதற்குக் காரணம் குணசுந்தரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிசிறு உள்ள வாஷரைப் பொறுக்குவது அவள் வேலை. எதிரே டிவி ஓடும். மடியில் முறம் இருக்கும். முறத்தைப் பார்க்கவே மாட்டாள். கட்டை விரலால் தடவித் தடவி நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருப்பாள். என் விரல் நுனியில் அவ்வளவு உணர்ச்சி கிடையாது. பிரஸ் அதிர்ந்து அதிர்ந்து மரத்துப்போனது. சூடான டம்ளரைப் பிடித்தால்கூடச் சற்றுக் கழித்துத்தான் தெரியும்.

காசு சேர்க்கிற பழக்கமும் அவளால் வந்ததுதான். இருபது வருஷம் இருக்கும். மீஞ்சூருக்கு மீன் வாங்கப் போய் ரயிலில் திரும்பி வந்தவள், கூடையை இறக்கும் முன்பே ஒரு காசை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னாயா இது? ரெண்டு பக்கமும் சிங்கம். ஒண்ணு மேட்ல கீது, ஒண்ணு பள்ளத்துல கீது. டீக்கடையில செல்லாதுன்னு தூக்கிப் போட்டான்."

வாங்கிப் பார்த்தேன். எவர்சில்வர் ஒரு ரூபாய். ஒரு பக்கம் சிங்கத் தூண் சரியாக இருந்தது. மறுபக்கம் 'ஒன்று' என்ற எண்ணும் இல்லை, வருஷமும் இல்லை. அதே சிங்கத் தூண் குழிவாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி விழுந்திருந்தது. படித்தவர்கள் பார்த்தால் விழித்திருப்பார்கள். எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அடுத்த தகடு உள்ளே வந்ததும் அச்சுக்குப் பதிலாக அந்தக் காசு இதன் மேல் பதிந்துவிட்டது. என் ஷெட்டிலும் இது நடக்கும். நான் ரிஜெக்ட் தொட்டியில் போடுவேன். காசு சேர்க்கிறவர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று பிற்பாடு சந்திரமோகன் மூலம் தெரிந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. காசை கிரேடு போடுகிற கம்பெனிக்கு அனுப்புவார்கள். எழுபதுக்கு எத்தனை என்று மார்க் போட்டு, தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பிரிக்கவே முடியாதபடி ஒட்டி, சீட்டோடு திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பார்சல் வருகிற நாள் எனக்குத் தீபாவளி. டியூப் லைட்டுக்குக் கீழே பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். ஒரே நாளில் ஒரே மூட்டையிலிருந்து எடுத்த இரண்டு காசுகள். ஒன்றுக்கு அறுபத்து நாலு, இன்னொன்றுக்கு அறுபத்தாறு. ஏன் என்று லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருப்பேன். ஒரு முறை அவர்கள் போட்ட மார்க் தப்பு என்று சொல்லி அதே காசைத் திருப்பி அனுப்பினேன். ஒரு மார்க் கூட்டி அனுப்பினார்கள். ஐந்தாவது படித்தவன் சொல்லி அவர்கள் திருத்திக்கொண்டார்கள். சங்கத்தில் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அந்த அறுபத்தேழு. சாதாரண எவர்சில்வர் ஒரு ரூபாய்தான், ஆனால் அச்சை விட்டு இறங்கிய நிமிஷத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை.

குணசுந்தரி தன் காசை மட்டும் அனுப்ப விடவில்லை. சுருக்குப் பையில் வெற்றிலையோடு போட்டு வைத்திருந்தாள். தேய்கிறது, மார்க் குறைகிறது என்று நான் வருஷக்கணக்காகக் கத்தினேன். டிவி பார்க்கும்போது அதை எடுத்துப் பள்ளத்துச் சிங்கத்தைத் தடவிக்கொண்டே இருப்பாள். பெட்டியில் போட்டு மூடிவிட்டால் எப்படித் தடவுவது என்று ஒரே கேள்விதான் கேட்பாள். போன தை மாதம் என் தொல்லை தாங்காமல், எடுத்துக்கொண்டு போ, பாஸ் மார்க் வாங்கிக்கொண்டு வா என்று கொடுத்துவிட்டாள். அதை வெள்ளை அட்டையில் வைத்து பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குணசுந்தரி எழுந்திருக்கவில்லை.

அந்த நாளைப் பற்றி நான் அதிகம் எழுத முடியாது. மறைப்பதற்காக இல்லை. எனக்கு அதில் பாதி நினைவே இல்லை. ஷாமியானா கட்டுகிறவன் ஒரு கம்பத்தைக் கோணலாக நட்டான், அது நினைவிருக்கிறது. நிறையப் பேர் வந்து என் கையைப் பிடித்தார்கள். பிடித்தது தெரிந்தது, அவ்வளவுதான்.

மதியம் குளிப்பாட்டி, புடவை கட்டி, மஞ்சள் பூசி உட்கார வைத்தார்கள். நெற்றியில் ஒரு ரூபாய் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சந்தனம் குழைத்து அதன் மேல் காசை ஒட்டுவார்கள். சுடுகாடு போய்ச் சேர்ந்ததும் அந்தக் காசு அங்கே வேலை பார்ப்பவருக்குச் சேரும். அவருடைய உரிமை. காசு கேட்டார்கள். அத்தனை பேரும் சட்டைப் பையைத் தடவினார்கள். எல்லார் பையிலும் போன் இருந்தது. ஒரு ரூபாய் யாரிடமும் இல்லை. கடை இருப்பது மெயின் ரோட்டில். சந்தனம் காய்கிறது என்று பெண்கள் சத்தம் போட்டார்கள்.

என் மகள் நந்தினி பீரோவைத் திறந்தாள். நாற்பது பெட்டி, நாற்பதிலும் காசு. ஒன்றைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. குணசுந்தரியின் தம்பி சுப்பராயன் ஒரு பெட்டியை வாங்கித் தேங்காய் உடைக்கிற கத்தியால் இரண்டு போடு போட்டுப் பார்த்தான். கத்தி வழுக்கியது.

"மாமா காச லாக்கப்புல போட்டு வெச்சிக்கினு கீறாரு" என்றான்.

சொல்லிவிட்டு அவனே அழுதான். அதற்குள் நந்தினி மேல்தட்டில் கையை விட்டுத் துழாவி வெள்ளை அட்டையைப் பிரித்துவிட்டாள். அவளுக்குத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை.

நான் பார்த்தபோது காசு குணசுந்தரியின் நெற்றியில் ஒட்டியிருந்தது. பள்ளத்துச் சிங்கம் மேலே தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. சந்தனம் பட்டுவிட்டது, குங்குமம் இறங்கிவிட்டது, இனி இதற்கு மார்க் போடமாட்டார்கள் என்றுதான் தோன்றியது. உள்ளதை எழுதுகிறேன். அதுதான் தோன்றியது. எடுக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று சொல்வது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அழப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மூடிக்கொண்டேன்.

எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. கொள்ளியும் நான்தான் வைத்தேன். பானையைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பியபோது நெற்றியில் காசு இல்லை. சின்னதுரை எடுத்துவிட்டிருந்தார். சுடுகாட்டில் வேலை பார்ப்பவர். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார்.

ராத்திரி வீட்டில் எல்லாரும் படுத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவள் கைபட்டுத் தேய்ந்த காசு வேறு எதுவும் இந்த வீட்டில் இல்லை. மற்ற நாற்பதையும் அவள் தொட்டதே கிடையாது. எப்படியாவது அதைத் திருப்பி வாங்கிவிட வேண்டும். சின்னதுரை அதை எங்கேயாவது கொடுத்துவிட்டால் முடிந்தது.

மறுநாள் காலையில் பால் தெளிக்கப் போனோம். காரியம் முடிந்ததும் சுப்பராயனையும் மற்றவர்களையும் போகச் சொல்லிவிட்டு நான் நின்றேன். சின்னதுரை கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் கையேந்தி எதையும் கேட்ட ஆள் இல்லை நான். அதிலும் வைத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது.

நான் கேட்பதற்கு முன்பே அவர் பேசினார்.

"ஒண்ணு சொல்றேன் பெரியவரே, கோச்சிக்காதீங்க. நேத்து உங்க ஊட்ல இருந்து வெச்சி அனுப்புனது செல்லாத காசு."

கட்டை விரலைத் தேய்த்துக் காட்டினார்.

"எடுக்கறப்பவே வெரலுக்கு ஒரு மாதிரி இருந்திச்சி. திருப்பிப் பாத்தா ஒண்ணுன்னே போடல. நாலு மிஷின் ஓட்றவரு ஊட்டுக் காசு இப்பிடியான்னு நெனச்சிக்கினேன். தெரியாம வெச்சிருப்பாங்க, போவட்டும்னு உட்டுட்டேன்."

அருகில் ஒரு பெயிண்ட் டப்பா இருந்தது. பாதிக்கு மேல் ஒரு ரூபாய்க் காசு. சிலதில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. எல்லாம் யார் யாருடைய நெற்றியிலோ இருந்தவை. என்னுடையது அதில் இல்லை. செல்லாதது என்று தனியாக ஜன்னல் கட்டையில் வைத்திருந்தார். அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.

நாற்பது வருஷத்தில் என் கையிலிருந்து போன சரக்கை மட்டம் என்று சொன்ன முதல் ஆள் சின்னதுரைதான். அதுவும் அவள் பேரில் போன சரக்கு. அது அபூர்வமான காசு, இதைக் கேட்டு ஆட்கள் வருவார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரும் வைத்துக்கொள்வார், அது நியாயமும்கூட. அதுதான் பயம் எனக்கு. ஆனால் சொல்லாமல் வாங்குவதும் ஏமாற்று வேலை. சொல்லிவிட்டேன். விற்றால் நல்ல டப்பு கிடைக்கிற காசு தம்பி, வேண்டுமென்றால் நானே ஆளைக் காட்டுகிறேன், ஆனால் எனக்கு அது வேண்டும், அவள் இருபது வருஷம் பையில் வைத்திருந்தது என்றேன்.

அவர் காசை எடுத்து விரலால் ஒரு தரம் தடவினார். என் கையில் வைத்தார்.

"எனக்குச் சேர வேண்டியது ஒரு நல்ல காசு பெரியவரே. அத்தக் குடுத்துட்டு இத்த எடுத்துக்கினு போங்க. சும்மா திருப்பிக் குடுக்கக்கூடாது, அந்தம்மாவுக்கு ஆவாது."

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். நந்தினி விஷயத்தைக் கேட்டுவிட்டு, தான் செய்த காரியத்துக்கு முகம் சுருங்கி, பிறகு சொன்னாள்.

"கடையில போய் ஒரு ரூபா மாத்திக்கினு வரேன் நைனா. அது போதாதா?"

"போதாது."

கடைக் காசு எத்தனை கை மாறி எப்படி அடிபட்டிருக்குமோ. குணசுந்தரி பொறுக்கியிருந்தால் எந்தப் பக்கம் தள்ளியிருப்பாளோ. அறுபத்தேழை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அன்றைக்கு லீவு, பிரஸ் எல்லாம் நின்றிருந்தது. பெட்டியின் ஓரத்தை வைஸில் இறுக்கிப் பிடித்து முறுக்கினேன். பிளாஸ்டிக் வெளுத்து, பட்டென்று விரிந்தது. காசு பெஞ்சில் விழுந்து உருண்டது. சீட்டு ஒரு பக்கம் கிடந்தது. உடைத்துவிட்டால் மார்க் இல்லை, அது சங்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விரலால் காசைப் பிடித்துப் பார்த்தேன். ஆறு வருஷம் வைத்திருந்தும் அன்றைக்குத்தான் வெறும் விரலால் தொட்டேன். ஒன்றும் தெரியவில்லை. இரும்பு மாதிரி இருந்தது.

கொட்டகைக்குத் திரும்பிப் போய் நீட்டினேன். சின்னதுரை அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது செல்லும்" என்றார்.

டப்பாவில் போட்டார். மற்ற காசுகளின் மேல் விழுந்து, ஒரு ஓரத்துக்குச் சரிந்து நின்றது. கொஞ்ச நேரம் எது என்று தெரிந்தது. அவர் டப்பாவைக் காலால் நகர்த்தி வைத்த பிறகு தெரியவில்லை.

அதனால் சந்திரமோகன் சார், படம் எடுத்து அனுப்ப அந்தக் காசு இல்லை. இன்னொரு காசு சுருக்குப் பையில் இருக்கிறது. குங்குமத்தைக் கழுவவில்லை. அதற்கு மார்க் எதுவும் கிடையாது. டிவி பார்க்கும்போது எடுத்துத் தடவிப் பார்க்கிறேன். பள்ளம் எது, மேடு எது என்று என் விரலுக்கு இன்னும் பிடிபடவில்லை.