குலுக்கிய போர்ட் ஒயின்

பாலிகஞ்ச் வீட்டுச் சமையலறை ஜன்னலில் கரும்பச்சைப் பாட்டில் ஒன்று இருக்கிறது. அதில் மணிபிளான்ட் வளர்க்கிறார் அத்தான், என் அக்காவின் கணவர். லேபிள் என்றோ ஊறிக் கழன்றுவிட்டது. ஒரு காலத்தில் அதில் இருந்தது போர்ட் ஒயின். அக்காவை ஊருக்குக் கூட்டிப்போக மிஞ்சியிருந்த ஒரே வழி அது என்று நம்பினோம். இப்போது சொன்னால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வேறு எதை நம்புவது?

ஏழாம் மாதத்தில் அக்காவுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. அதன்பின் சாப்பாடும் பேச்சும் நின்றுபோய், ‘ஊருக்குப் போவோம்’ என்பது மட்டும் மிச்சமிருந்தது. அத்தானை விட்டுத் தனியாகப் போகவும் மறுத்தாள். அவருக்கு அலிப்பூரில் மத்திய அரசு வேலை. தூத்துக்குடிக்கு மாற்றல் கேட்டு நடையாய் நடந்தார். சிபாரிசு செய்ய வேண்டிய வங்காளி அதிகாரியோ மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறார். பழைய ஒயின் என்றால் அவருக்கு உயிர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

ஒயின் வாசனைகூட அறியாத அத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு பார்க் ஸ்ட்ரீட் கடைக்குப் போனார். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். ஷெர்ரி என்ற ஒயின் எல்லோருக்கும் பிடிக்காது. பீப்பாயில் முதிர்ந்த போர்ட்டை வாங்கிய அன்றே குடிக்கலாம். நல்ல வருடத்துத் திராட்சையில் செய்து, பாட்டிலிலேயே முதிர விட்டதுதான் விண்டேஜ். வாங்கிக்கொள்பவர் வாழ்க்கையில் முக்கியமான ஒரு வருடம் பார்த்துக் கொடுப்பதுதான் மரியாதை. அதிகாரி வேலையில் சேர்ந்த வருடத்தைச் சொன்னோம். ஏதோ பழைய வீட்டுச் சேமிப்பிலிருந்து தேடித் தந்தார். அடியில் வண்டல் இருக்கும், அலுங்காமல் ஊற்ற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தானும் தலையாட்டினார். டாக்ஸியில் பாட்டிலை இரண்டு கைகளாலும் மடியில் ஏந்தியிருந்தார். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அதிகாரி வீட்டில் பிரிவு உபசார விருந்து. வருடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. தக்கையைத் தானே எடுத்துவிட்டு, நீங்களே ஊற்றுங்கள் என்று அத்தானிடம் நீட்டினார். வீட்டில் அக்காவுக்குத் தினமும் திராட்சாரிஷ்டம் கொடுப்பவர் அத்தான்தான். மூடி உடைந்த அந்த மருந்துப் பாட்டிலை, வாயைக் கட்டைவிரலால் பொத்தி நன்றாகக் குலுக்கித்தான் ஊற்றுவார். பதற்றத்தில் கை அதையே செய்துவிட்டது. கோப்பையில் விழுந்தது சேற்றுத் தண்ணீர்.

அலுவலகத்துக்காரர்கள் சிரித்தார்கள். அத்தான் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, பிரமாதம் என்று வங்காள மொழியில் சொன்னார்.

கிளம்பும்போது அவர் என்னை வாசலில் தனியாக அழைத்தார். மாற்றல் போன வாரமே டெல்லியில் நிராகரிக்கப்பட்டுவிட்டதாம். தன்னால் ஆனமட்டும் பார்த்தாராம். இன்றைக்கு அத்தான் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை என்றார். அந்தச் சேற்றை அவர் ஏன் குடித்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பும் டாக்ஸியில், கேட்டு வாங்கிவந்த பாட்டிலை மடியில் வைத்திருந்த அத்தானிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. “இல்ல மாப்ள. நான் குலுக்கிட்டேன். அதான் காரணம்.”

அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு டெங்கு வந்தது. எதிர்த்து நிற்க அவள் உடம்பில் ஒன்றுமே இல்லை. கடைசிவரை ஊர்ப் பெயரைத்தான் சொன்னாள்.

அத்தான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஊருக்கு வாருங்கள் என்றால், அவள் போகாத ஊருக்கு நான் ஏன் என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மணிபிளான்ட்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். கொடியை வெளியே எடுத்துவிட்டு, பாட்டிலைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் மெல்ல மெல்லச் சாய்த்தார். வெறும் குழாய்த் தண்ணீர்தான். ஆனாலும் அலுங்காமல் ஊற்றினார். ஊற்றி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இப்படி ஊத்தியிருந்தா மாத்தல் போட்டிருப்பாரு இல்லா, மாப்ள?”

இந்தத் தடவை நானும், ஆமாம் அத்தான் என்றேன்.